நம்ம மாவட்டத்துக்கு நாமளே ஒரு அட்லஸ்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, இன்டர்நெட்ல சும்மா கிடைக்கிற மேப் டேட்டாவை இறக்கி வீட்டுக் கம்ப்யூட்டர்லயே ஒரு டிஜிட்டல் அட்லஸ் பண்ணிரலாம்னு ரெண்டு பத்தி எழுதியிருந்தோம். அதுக்கு மதுரையைச் சுத்தி இருந்து நிறைய கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி கேட்டதைச் சேர்த்து, பேரைப் போடாம ஊரை மட்டும் போட்டு பதில் சொல்லியிருக்கோம்.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில சமூக அறிவியல் எடுக்குறேன். அட்லஸ்ல பிரேசில் எங்கன்னு கேட்டா பிள்ளைக டக்குனு காட்டிருதுக, நம்ம ஊரு கம்மாய்க்கு தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னு கேட்டா முழிக்குதுக. மதுரை மாவட்டத்துக்குன்னு ஒரு அட்லஸ் பண்ணணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது, என்ன செலவாகும்? (ஆசிரியை, உசிலம்பட்டி)

டீச்சர், காசு செலவு கிடையாது, நேரம்தான் செலவு. மேப் பண்ற சாஃப்ட்வேர் பேரு க்யூஜிஐஎஸ், 2002-ல ஆரம்பிச்சது, இலவசம், விண்டோஸ்லயும் ஓடும் லினக்ஸ்லயும் ஓடும். இறக்கும்போது புதுசா வந்த வெர்ஷனை எடுக்காம "லாங் டெர்ம் ரிலீஸ்"னு போட்டிருக்கும் பாருங்க, அதை எடுங்க, பாதியில மக்கர் பண்ணாது. 8 ஜிபி ராம் இருக்கிற சாதாரண லேப்டாப் ஒரு மாவட்டத்துக்குத் தாராளம்.

ஆனா சாஃப்ட்வேரைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அட்லஸ்ல என்னென்ன பக்கம் வரணும்னு எழுதிருங்க. மாவட்டம் எங்க இருக்கு, மேடு பள்ளம், ஆறு கால்வாய் கம்மாய், ரோடு ரயில், மக்கள் தொகை, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி, உங்க ஊருக்குன்னு தனியா 58 கிராமக் கால்வாய், இப்படி. ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிர்ல அதுக்கு என்ன டேட்டா வேணும்னு எழுதுங்க. பெரும்பாலும் ஆளுக இதைத் தலைகீழாப் பண்ணுவாங்க, கிடைச்சதையெல்லாம் இறக்கி ஹார்ட் டிஸ்க்கை ரொப்பிட்டு அப்புறம் இதை வெச்சு என்ன பண்றதுன்னு உக்காந்திருப்பாங்க, அதுல அட்லஸ் வராது, கலர் கலரா படம்தான் வரும்.

டேட்டா எங்க எடுக்குறதுன்னா, ரோடு, தெரு, கோயில், பள்ளிக்கூடம், வாய்க்கால் எல்லாத்துக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது, உலகம் பூரா இருக்கிற ஆளுக தங்களுக்குத் தெரிஞ்ச இடத்தை வரைஞ்சு வரைஞ்சு சேர்த்தது. ஜியோஃபாப்ரிக்ங்கிற சைட்ல தென்னிந்தியா முழுசும் ஒரே ஃபைலா கிடைக்கும், ஆனா உங்களுக்கு அவ்வளவு வேணாம். க்யூஜிஐஎஸ்க்குள்ளயே க்விக்ஓஎஸ்எம்னு ஒரு ப்ளகின் (கூடுதலா சேத்துக்கிற கருவி) இருக்கு, அதுல மதுரை மாவட்டத்தை மட்டும் சொல்லி, பள்ளிக்கூடம் மட்டும் குடு, கால்வாய் மட்டும் குடுன்னு தனித்தனியா வாங்கிக்கலாம். மாவட்டம், தாலுகா எல்லைக்கு இந்திய சர்வே துறையோட ஆன்லைன் மேப் போர்ட்டல், பேர் பதிஞ்சு லாகின் பண்ணி இறக்கணும். தமிழ்நாடு அரசோட டிஎன்ஜிஐஎஸ் மேப் சைட்டையும் இஸ்ரோவோட புவன் மேப் சைட்டையும் ஒருதடவை முழுசா மேஞ்சுட்டு வந்துருங்க. புவன் 2009-ல இருந்து இருக்கு, நம்மூர் டீச்சர்மார் நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம இருக்கிறதுதான் வருத்தம்.

நேச்சுரல் எர்த்னு ஒரு டேட்டா எல்லாரும் சிபாரிசு பண்ணுவாங்க. நல்லதுதான், காப்பிரைட் தொல்லையே கிடையாது. ஆனா அதுல இருக்கிற நுணுக்கமான வரைபடமே 1-க்கு 1 கோடி ஸ்கேல். அந்த ஸ்கேல்ல மதுரை மாவட்டம் மொத்தமும் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வரும். "உலகத்துல நம்ம எங்க இருக்கோம்"ங்கிற முதல் பக்கத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க, அதுலயும் இந்தியா எல்லையை அப்படியே எடுத்துராதீங்க, ஏன்னு கீழ இன்னொரு கேள்வியில சொல்றேன்.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். ஒரு எக்செல் ஷீட் போட்டு, இறக்குற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி எழுதுங்க: என்ன டேட்டா, யார் குடுத்தது, எந்த வருஷத்து நிலவரம், என்ன லைசென்ஸ், நீங்க இறக்குன தேதி. "எந்த வருஷத்து நிலவரம்"ங்கிற அந்த ஒரு கட்டத்தைக் காலியா விட்டீங்கன்னா அட்லஸ் பாக்க அழகா இருக்கும், உள்ள தப்பா இருக்கும், அது தப்புன்னு பிள்ளைகளுக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது.

கேள்வி: அண்ணே, நீங்க சொன்ன மாதிரி எஸ்ஆர்டிஎம் உயர டேட்டா இறக்குனேன். மதுரைன்னு போட்டு ஒரு ஃபைல் எடுத்தா பாதி மாவட்டம்தான் வருது, அதுல ஹில்ஷேடு (மலை மேடு தெரியுற மாதிரி நிழல் படம்) போட்டா ஒரே கறுப்பும் வெள்ளையுமா கன்றாவியா இருக்கு. நாகமலை எங்கன்னே தெரியலை. (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

தம்பி, ரெண்டுக்கும் காரணம் இருக்கு, முதல் காரணம் ரொம்ப சுவாரசியமானது.

எஸ்ஆர்டிஎம்ங்கிறது 2000 பிப்ரவரியில எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுத்தி ரேடார் வெச்சு அளந்தது. அதை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டமா வெட்டி ஃபைல் ஃபைலா வெச்சிருக்காங்க. இப்ப நம்ம மாவட்டத்தைப் பாரு, 10 டிகிரி வடக்கு அட்சமும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கமும் வெட்டிக்கிற புள்ளி சோழவந்தானுக்கும் சமயநல்லூருக்கும் நடுவுல விழுது. அதனால மதுரை மாவட்டம் நாலு கட்டத்துல சிதறிக் கிடக்கு. மதுரை டவுன் என்09 ஈ078-ல (அதாவது 9 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்குல ஆரம்பிக்கிற கட்டம்), உன் திருமங்கலமும் உசிலம்பட்டியும் பேரையூரும் என்09 ஈ077-ல, வாடிப்பட்டி, சோழவந்தான் என்10 ஈ077-ல, அலங்காநல்லூர், மேலூர், கொட்டாம்பட்டி என்10 ஈ078-ல. பழைய சர்வே டோபோ ஷீட்டும் (சர்வே துறையோட அச்சு மேப் தாள்) இதே கோட்டுலதான் வெட்டியிருக்கும், 58 எஃப், 58 ஜி, 58 ஜே, 58 கே நாலும் அந்தப் புள்ளியிலதான் கூடும். மதுரைக்காரன் மேப் பண்ண உக்காந்தா நாலு ஷீட்டை ஒட்டித்தான் ஆகணும், அது நம்ம பூகோளம். நாலையும் இறக்கி, ராஸ்டர் மெனுவுல மெர்ஜ் குடுத்து ஒண்ணாக்கி, அப்புறம் மாவட்ட எல்லையை வெச்சு க்ளிப் பண்ணு. முதல்ல க்ளிப் பண்ணிட்டு அப்புறம் ஒட்டுனா ஓரத்துல மயிரிழை மாதிரி கோடு விழ வாய்ப்பிருக்கு.

ரெண்டாவது, ஹில்ஷேடு. அந்த ஃபைல்ல கிடைமட்ட அளவு டிகிரியில இருக்கு, உயரம் மீட்டர்ல இருக்கு. சாஃப்ட்வேர் ரெண்டையும் ஒரே யூனிட்னு நினைச்சுக்கிட்டு, ஒரு டிகிரி தள்ளிப் போறதுக்குள்ள நூறு மீட்டர் ஏறுதா, அப்ப செங்குத்து சுவர்தான்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் கறுப்பாக்கிருது. ஹில்ஷேடு ஜன்னல்ல ஸ்கேல்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல 111120-ன்னு போடு, ஒரு டிகிரிக்கு சுமார் அத்தனை மீட்டர். இல்லைன்னா ஃபைலையே யுடிஎம்முக்கு (டிகிரிக்குப் பதிலா மீட்டர்ல அளக்குற முறை) மாத்திட்டு அப்புறம் போடு, அதுதான் சுத்தமான வழி. போட்டவுடனே பாரு, நாகமலை மேக்க இருந்து நீளமா படுத்திருக்கும், இங்கிட்டு யானைமலை தனியா நிக்கும், வடக்க அழகர்மலை, அதுக்கு மேக்க சிறுமலை. பஸ்ல போகும்போது பாத்த மலையெல்லாம் ஸ்க்ரீன்ல எந்திரிச்சு நிக்கும்போது வர்ற சந்தோஷமே தனி.

இன்னொண்ணு, இந்த உயர டேட்டாவுல 16 மீட்டர் வரைக்கும் பிழை இருக்கலாம்னுதான் அதோட வரையறையே. ஒரு பிக்சல், அதாவது படத்துல ஒரு புள்ளி, தரையில 30 மீட்டர். மலையைக் காட்ட இது போதும். எங்க தெருவுல மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு இதை வெச்சு சொல்லாத.

கேள்வி: எங்க ஏரியா கம்மாய்கள் பூராத்தையும் அட்லஸ்ல ஏத்தணும்னு விவசாயிகள் சங்கத்துல முடிவு பண்ணியிருக்கோம். எது இருக்கு, எது சுருங்கிருச்சு, எது காணாமப் போச்சுன்னு வரணும். சேட்டிலைட் படத்துல இதெல்லாம் தெரியுமா? சங்கத்துல ஒரு பையன் ஒரு சைட்ல இருந்து நீல மேப் இறக்கினான், அதுல எங்க ஊர் ஊருணியே இல்லைங்கிறான். (மேலூர் பக்கத்து விவசாயி)

அய்யா, இந்த வாரம் வந்ததுலயே மனசுக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பையன் இறக்கினது ஐரோப்பிய ஆணையத்தோட கூட்டு ஆய்வு மையம் போட்ட உலக மேற்பரப்பு நீர் டேட்டாவா இருக்கும்னு நினைக்கிறேன். அது அருமையான விஷயம்யா. லேண்ட்சாட் சேட்டிலைட் 1984-ல இருந்து எடுத்த படத்தையெல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்து, இந்தப் புள்ளியில எத்தனை சதவீத நேரம் தண்ணி இருந்துச்சுன்னு கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. வருஷம் பூரா தண்ணி நிக்கிற இடம் கடும் நீலமாவும், வடகிழக்குப் பருவமழைக்கு ரெண்டு மூணு மாசம் மட்டும் நிக்கிற இடம் வெளிறிப் போயும் தெரியும். கம்மாய் ஒரு காலத்துல நிறைஞ்சு இப்ப நிறையலைன்னா அதுவும் தெரியும், அதுக்குன்னே மாற்றத்தைக் காட்டுற தனி லேயர் (மேப் அடுக்கு) உண்டு. அது பத்துக்குப் பத்து டிகிரி கட்டமா வரும், இங்கயும் அந்த 10 டிகிரி கோடு நம்மளை வெட்டுது: மதுரை டவுன் 10 வடக்குங்கிற ஃபைல்ல, உங்க மேலூர் 20 வடக்குங்கிற ஃபைல்ல. எஸ்ஆர்டிஎம்ல கீழ் இடது மூலையை வெச்சுப் பேர் வைப்பாங்க, இதுல மேல் இடது மூலையை வெச்சு வைப்பாங்க, அதுல குழம்பி தப்பான ஃபைலை இறக்கிறாதீங்க.

ஆனா ஊருணி ஏன் இல்லைங்கிறீங்க? லேண்ட்சாட்டோட ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம்ம ஊருணி கரையோட சேத்தே ரெண்டு பிக்சல்தான் வரும், அதுல பாதி கரை, பாதி மரம், தண்ணின்னு கம்ப்யூட்டர் நம்ப மாட்டேங்குது. அதே மாதிரி ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற கம்மாய், சீமைக்கருவேலம் அடைஞ்சு கிடக்கிற கம்மாய், இதெல்லாம் மேல இருந்து பாத்தா பச்சையாத்தான் தெரியும், தண்ணி இருந்தாலும் தண்ணின்னு கணக்குல வராது. அதனால "இந்த மேப்புல இல்லை, அதனால கம்மாய் செத்துப்போச்சு"ன்னு எழுதிறாதீங்க. அப்படி எழுதுனா அதையே ஆதாரமா காட்டி நாளைக்கு ஒருத்தன் அந்த இடத்துல ப்ளாட் போட வருவான்.

இன்னும் கிட்டத்துல பாக்கணும்னா சென்டினல்-2. ஐரோப்பாவோட சேட்டிலைட், 2015-ல முதல்ல ஒண்ணு போச்சு, 2017-ல அடுத்தது, ரெண்டும் சேந்து 5 நாளைக்கு ஒருக்கா நம்ம ஊரைத் தாண்டிப் போற மாதிரி அமைச்சாங்க. பிக்சல் 10 மீட்டர். கோப்பர்னிகஸ் சைட்ல அக்கவுண்ட் போட்டு சும்மா இறக்கலாம். அதுல ஒவ்வொரு நிறத்து ஒளிக்கும் தனித்தனிப் படம் இருக்கும், அதைத்தான் பேண்டுன்னு சொல்றது: பச்சை பேண்டு 3, அகச்சிவப்பு பேண்டு 8. பச்சையில இருந்து அகச்சிவப்பைக் கழிச்சு, ரெண்டையும் கூட்டுன தொகையால வகுத்தா, தண்ணி இருக்கிற இடம் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேல வரும், காய்ஞ்ச நிலமும் பயிரும் கீழ போயிரும். க்யூஜிஐஎஸ்ல ராஸ்டர் கால்குலேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரே வரி. எந்தத் தேதிப் படம்னு பாத்து எடுங்க. அக்டோபர், நவம்பர்ல மேகம் மூடியிருக்கும், ஜனவரியில வானம் வெளுத்து கம்மாயும் நிறைஞ்சிருக்கும், அதுதான் நல்ல நேரம். அப்புறம் மே மாசத்துப் படம் ஒண்ணு. ரெண்டையும் பக்கம் பக்கமா ஒரே ஸ்கேல்ல வையுங்க. ஒரு வருஷம் ஜனவரி, இன்னொரு வருஷம் மே எடுத்து ஒப்பிட்டு கம்மாய் சுருங்கிருச்சுன்னு சொல்றது நியாயமே இல்லை, அது மாசம் மாறுனதுனால வந்த வித்தியாசம்.

பழசுக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கு. 1950-கள்ல அமெரிக்க ராணுவ மேப் சர்வீஸ் இந்தியா பூராவுக்கும் 1-க்கு 2,50,000 ஸ்கேல்ல யு502-ன்னு ஒரு வரிசை போட்டுச்சு, டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் அதை ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கு, யாரு வேணா இறக்கலாம். க்யூஜிஐஎஸ்ல ஜியோரெஃபரன்சர்ங்கிற கருவியில அதைப் போட்டு, தெரிஞ்ச புள்ளிகளை, ரயில் பாதை ஆத்தைக் கடக்குற இடம், ரெண்டு ரோடு கூடுற இடம், இப்படி ஒரு எட்டுப் பத்துப் புள்ளியைப் பொருத்துனா இன்னைக்கு மேப் மேல உக்காந்துக்கும். அந்த ஸ்கேல்ல பெரிய கம்மாய் மட்டும்தான் இருக்கும், அதுவும் கோடு தடிமனா இருக்கும், பரப்பளவு எடுக்க அதை நம்பாதீங்க, இருந்துச்சா இல்லையாங்கிறதுக்கு நம்பலாம்.

இத்தனையும் பண்ணுனாலும் சேட்டிலைட்டுக்குத் தெரியாதது எது தெரியுமா, மடை எத்தனை, கலுங்கு எங்க, மறுகால் பாய்ஞ்சா அடுத்து எந்தக் கம்மாய்க்குப் போகும், வரத்துக்கால் எங்க அடைபட்டுக் கிடக்கு. அது உங்க சங்கத்து ஆளுகளுக்குத்தான் தெரியும். க்யூஃபீல்டுன்னு ஒரு ஆப் இருக்கு, க்யூஜிஐஎஸ்ல பண்ணுன மேப்பை அப்படியே ஆண்ட்ராய்டு போன்ல ஏத்திக்கிட்டு கம்மாய்க் கரையில நடந்துக்கிட்டே மடைக்கு ஒரு புள்ளி, கலுங்குக்கு ஒரு புள்ளி வெக்கலாம், டவர் இல்லைன்னாலும் வேலை செய்யும். வயசான நீர்பாய்ச்சி யாராவது இருந்தா அவரை முன்னால விட்டுப் பின்னாலயே போங்க. கம்மாய் பேரை அவர் சொல்ற மாதிரியே எழுதுங்க. இந்தக் கம்மாய்ச் சங்கிலியை வரைஞ்ச ஒரு பக்கம் உங்க அட்லஸ்ல இருந்தா, மத்த எல்லாப் பக்கத்தையும் விட அதுக்குத்தான் மதிப்பு அதிகம்னு நான் உறுதியா சொல்வேன்.

கேள்வி: மேப் போட்டு வெளியிட அரசாங்கத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கணுமா? போலீஸ் கேஸ் ஆகும்னு பயமுறுத்துறாங்க. (மதுரை, கே.கே.நகர்)

2021 பிப்ரவரியில மத்திய அரசு புது வழிகாட்டு நெறி போட்டுருச்சு, இந்தியர்கள் மேப் டேட்டா சேகரிக்கவோ பண்ணவோ வெளியிடவோ முன் அனுமதி வேணாம், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சில விஷயம் மட்டும் விலக்கு. கேஸ் ஆகக்கூடியது வேற: இந்தியாவோட எல்லையை இந்திய சர்வே துறை போட்ட மாதிரி இல்லாம போட்டா 1961-ஆம் வருஷத்துக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி 6 மாசம் வரைக்கும் ஜெயில் அல்லது அபராதம் அல்லது ரெண்டும். வெளிநாட்டு டேட்டா நிறையதுல காஷ்மீர், அருணாச்சல் பக்கம் வேற மாதிரி இருக்கும். அதனால இந்தியா முழுசும் வர்ற பக்கத்துக்கு சர்வே துறை எல்லையை மட்டும் போடுங்க. வெறும் மதுரை மாவட்டம் வர்ற பக்கத்துல அந்தப் பிரச்சினையே வராது.

கேள்வி: கூகுள் மேப்ஸ்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மேல கோடு போட்டா ஈசியா முடிஞ்சுரும்ல? (திருப்பரங்குன்றம்)

வேணாம். அது அவுங்க டேட்டா, அதை ட்ரேஸ் பண்ணி நம்ம டேட்டாவா மாத்த அவுங்க விதி அனுமதிக்கிறதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்புன்னா "© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்"னு ஒரு வரி போட்டா தாராளமா அச்சடிச்சு விக்கவே செய்யலாம், அந்த டேட்டாவையே திருத்தி வெளியிட்டா மட்டும் அதே லைசென்ஸ்ல நாமளும் குடுக்கணும். ஜிஏடிஎம்-னு ஒரு எல்லை டேட்டா பிரபலம், அது படிப்பு, ஆராய்ச்சிக்கு ஓகே, வியாபாரத்துக்குக் கிடையாது. இறக்குறதுக்கு முன்னாடி லைசென்ஸ் பக்கத்தை ஒரு நிமிஷம் படிங்க.

கேள்வி: மதுரை மாநகராட்சிக்கு மக்கள் அடர்த்தி மேப் போட்டேன். சென்சஸ்ல இருந்து மக்கள் தொகை, மாநகராட்சி எல்லை இன்னொரு சைட்ல இருந்து. வகுத்தா அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 7,000 கூட வரலை. நம்ம மாசி வீதியில நடக்கவே இடம் இல்லை, இவ்வளவு கம்மியாவா இருக்கும்? (அண்ணா நகர்)

உங்க சந்தேகம் நூத்துக்கு நூறு சரி, வகுத்தலும் சரி, டேட்டா ரெண்டும் தனித்தனியா சரி, சேத்ததுதான் தப்பு. 2011 சென்சஸ்ல மாநகராட்சி மக்கள் தொகை 10,17,865. அந்த எண்ணிக்கை பழைய 72 வார்டு மாநகராட்சிக்கு, பரப்பளவு ஏறக்குறைய 52 சதுர கிலோமீட்டர். அதே 2011-ல ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம்னு சுத்தி இருந்ததையெல்லாம் சேத்து 100 வார்டாக்கி மாநகராட்சியை 148 சதுர கிலோமீட்டர் பக்கம் விரிச்சுட்டாங்க. நீங்க இறக்குன எல்லை புதுசு, ஆள் கணக்கு பழசு. 52-ஆல வகுத்துப் பாருங்க, 19,500-க்கு மேல வரும். ஒரே ஊரு, ஒரே மக்கள், எல்லை வருஷம் மாறுனதுனால மட்டும் அடர்த்தி மூணுல ஒரு பங்கா இறங்கிருச்சு. மேல டீச்சருக்கு எக்செல் ஷீட்ல வருஷம் எழுதச் சொன்னேன்ல, அது இதுக்குத்தான்.

இது மாநகராட்சியோட நிக்காது. 2011 சென்சஸ்ல மதுரை மாவட்டத்துக்கு 7 தாலுகா, இப்ப 11. தமிழ்நாட்டுக்கு அப்ப 32 மாவட்டம், இப்ப 38. இன்னைக்கு எல்லையில தென்காசி தனி மாவட்டம், 2011 சென்சஸ் அட்டவணையில அது திருநெல்வேலிக்குள்ள. அடுத்த சென்சஸ் 2021-ல நடக்க வேண்டியது தள்ளிப் போயிருச்சு, அதனால இப்போதைக்கு 2011-தான் கதி, அப்ப எல்லையும் 2011 எல்லையாத்தான் போடணும். புது எல்லைக்குத்தான் வேணும்னா கிராம அளவு சென்சஸ் டேட்டாவை எடுத்து, ஒவ்வொரு கிராமத்தையும் இப்ப எந்தத் தாலுகாவுல இருக்குன்னு பாத்து நீங்களே கூட்டணும். வேலைதான், வேற வழி இல்லை. அப்படிக் கூட்டும்போது ஊர்ப் பேரை வெச்சு சேக்காதீங்க, குறியீட்டு நம்பரை வெச்சு சேருங்க. நம்ம பக்கம் புதுப்பட்டி எத்தனை, நடுப்பட்டி எத்தனைன்னு உங்களுக்கே தெரியும், அதுலயும் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஒரு ஃபைல்ல ஒரு மாதிரி இருக்கும். சென்சஸ் கிராமக் குறியீட்டு நம்பர் இருக்கு, மத்திய அரசோட எல்ஜிடி (உள்ளாட்சிப் பட்டியல்) குறியீட்டு நம்பர் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை பொருத்தி வெச்சுட்டா ஆயுசுக்கும் உதவும். வருவாய் கிராமமும் ஊராட்சியும் ஒண்ணு இல்லைங்கிறதையும் மனசுல வெச்சுக்கங்க.

கேள்வி: தமிழ்ல ஊர் பேர் டைப் பண்ணி சேவ் பண்றேன், திரும்பத் திறந்தா எல்லாம் கேள்விக்குறியா வருது. இல்லைன்னா பேர் பாதியில வெட்டுப்படுது. (வாடிப்பட்டி)

ஷேப்ஃபைல்ல சேவ் பண்றீங்க. அது 1990-கள்ல வந்த ஃபார்மட், ஒரே மேப்புக்கு நாலஞ்சு ஃபைல் சேந்து வரும், அதுல ஒண்ணு தொலைஞ்சாலும் போச்சு. அட்டவணையில நெட்டு வரிசையோட (column) பேரு 10 எழுத்துக்கு மேல எடுக்காது, ஒரு கட்டத்துல 254 பைட்தான் கொள்ளும், தமிழ்ல ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் 3 பைட் போயிரும், "கி"ன்னு எழுதுனாலே 6. என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கிற முறை) யுடிஎஃப்-8-ன்னு சொல்லலைன்னா கேள்விக்குறிதான். பேசாம ஜியோபேக்கேஜ்ல சேவ் பண்ணுங்க, ஒரே ஃபைல், தமிழ் தொந்தரவு இல்லாம நிக்கும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல நிறைய ஊருக்குத் தமிழ்ப் பேரு தனியா ஒரு கட்டத்துல இருக்கு. ஜியோஃபாப்ரிக்ல ரெடிமேடா குடுக்குற ஷேப்ஃபைல்ல அந்தக் கட்டம் வராது, க்விக்ஓஎஸ்எம் வழியா எடுத்தா வரும். லேபிள் போடும்போது "தமிழ்ப் பேர் இருந்தா அது, இல்லைன்னா பொதுப் பேர்"னு கோலெஸ் ஃபங்ஷன் குடுத்துருங்க. தமிழ்ப் பேர் இல்லாத ஊருக்கு நீங்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல போய் சேத்து விடுங்க, அடுத்து இறக்குற ஆளுக்கும் ஆகும்.

கேள்வி: ஒரே கம்மாய்க்கு ரெண்டு பேர் ரெண்டு பரப்பளவு சொல்றோம், எது சரி? யுடிஎம் 43-ஆ 44-ஆன்னும் சண்டை. (செக்கானூரணி)

சண்டை உங்க ஊர்ல வர்றதுல ஆச்சரியமே இல்லை, 43, 44-ங்கிறது யுடிஎம்ல பூமியை நெடுக்கா வெட்டுன துண்டுகளோட நம்பர், 43-க்கும் 44-க்கும் எல்லைக்கோடு அதே 78 டிகிரிதான், உங்க ஊரை ஒட்டித்தான் போகுது. உங்களுக்கு மேக்க உசிலம்பட்டி, தேனி எல்லாம் 43, கிழக்க மதுரை 44. மாவட்ட அட்லஸ்க்கு ஒண்ணை மட்டும் எடுத்து எல்லாப் பக்கத்துக்கும் அதையே வையுங்க, நான் சொல்றது 44, அதாவது 32644-ன்னு தேடுனா வரும். கொஞ்சம் கோட்டுக்கு அங்கிட்டுப் போறதுனால வர்ற பிழை நம்ம வேலைக்கு ஒண்ணுமே இல்லை. வெப் மெர்கேட்டர்ல (இன்டர்நெட் மேப்புல பெரும்பாலும் இருக்கிற முறை) பரப்பளவு எடுத்தா நம்ம அட்சத்துல 3 சதவீதம் கூடுதலாக் காட்டும், உங்கள்ல ஒருத்தர் அதுல எடுத்திருப்பாரு.

கேள்வி: தாத்தா காலத்து மதுரை மாவட்டத்தை ஒரு பக்கமா போடணும், எல்லை எங்க கிடைக்கும்? (திண்டுக்கல்லில் இருந்து மதுரையில் குடியேறியவர்)

தனியாத் தேட வேணாம். 1985-ல திண்டுக்கல் பிரிஞ்சுது, 1990-கள்ல தேனி பிரிஞ்சுது. இன்னைக்கு இருக்கிற மூணு மாவட்டத்தையும் செலக்ட் பண்ணி டிசால்வ் (நடு எல்லையை எடுத்து ஒண்ணாக்குறது) குடுத்தா கிட்டத்தட்ட பழைய மதுரை மாவட்டம் வந்துரும். "தோராயமா"ன்னு பக்கத்துல எழுதிருங்க, இடையில சின்னச் சின்ன கிராமம் அங்கிட்டும் இங்கிட்டும் மாறியிருக்கலாம். 1910-க்கு முந்தின மாவட்டம்னா ராமநாதபுரத்துல ஒரு பகுதியும் சேரும், அதுக்கு இந்த சுருக்கு வழி ஆகாது.

கேள்வி: எல்லா லேயரும் ரெடி. இதை புக் மாதிரி பக்கம் பக்கமா எப்படி எடுக்குறது? ஊர்க்காரங்க போன்லயும் பாக்கணும். (டி.கல்லுப்பட்டி)

க்யூஜிஐஎஸ்ல ப்ரின்ட் லேஅவுட் திறந்தா அட்லஸ்னு ஒரு மெனுவே இருக்கு, நிறைய பேர் அதைத் தொடுறதே இல்லை. நம்ம மாவட்டத்துல 13 ஊராட்சி ஒன்றியம். அந்த ஒன்றிய எல்லை லேயரை "கவரேஜ் லேயர்"னு குடுத்து, மேப் மேல "கண்ட்ரோல்டு பை அட்லஸ்" டிக் பண்ணுனா, கொட்டாம்பட்டிக்கு ஒரு பக்கம், சேடப்பட்டிக்கு ஒரு பக்கம், உங்க கல்லுப்பட்டிக்கு ஒரு பக்கம்னு 13 பக்கமும் தானா வந்துரும், தலைப்பும் தானா மாறும். ஒரு பக்கத்தை ஒழுங்கா டிசைன் பண்ணுனா போதும். ஆனா டிசைன் பண்ணும்போது பெரிய ஒன்றியம் ஒண்ணு, சின்னது ஒண்ணு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க, பெரிசுக்குச் சரியா இருக்கிற எழுத்து சின்னதுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். ஸ்கேல் பக்கத்துக்குப் பக்கம் மாறுனா பிள்ளைக சேடப்பட்டியும் மதுரை மேற்கும் ஒரே சைஸ்னு நினைச்சிரும், அதனால ஃபிக்ஸ்டு ஸ்கேல் வெச்சுட்டா நல்லது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில டேட்டா வருஷமும் யார் குடுத்ததுங்கிறதும் வர்ற மாதிரி ஒரு சின்ன வரி, அதையும் லேஅவுட்லயே போட்டுட்டா 13 பக்கத்துலயும் வந்துரும்.

போனுக்குன்னா க்யூஜிஐஎஸ்2வெப்னு ஒரு ப்ளகின், நீங்க போட்ட கலரோட அப்படியே வெப் பக்கமா மாத்திக் குடுக்கும். வெப் பக்கத்தை வெக்க இடம் குடுக்குற கிட்ஹப் பேஜஸ்ல சும்மா ஏத்தலாம். அதுக்கு முன்னாடி மேப்ஷேப்பர்ங்கிற சைட்ல எல்லைக் கோட்டையெல்லாம் சிம்ப்ளிஃபை (வளைவு நெளிவைக் குறைச்சு எளிமையாக்குறது) பண்ணிருங்க, இல்லைன்னா பெரிய ஃபைல் திறக்குறதுக்குள்ள ஊர்க்காரங்க போனை மூடி வெச்சுட்டுப் போயிருவாங்க. தனித்தனி ஷேப்பா இல்லாம எல்லா ஒன்றியத்தையும் ஒரே லேயரா வெச்சு சிம்ப்ளிஃபை பண்ணணும், தனித்தனியா பண்ணுனா பக்கத்துப் பக்கத்து எல்லைக்கு நடுவுல ஓட்டை விழும். பண்ணி முடிச்சதும் ஒரு பழைய மாடல் போன்ல, டவர் கம்மியா இருக்கிற இடத்துல திறந்து பாருங்க, அங்க ஓடுச்சுன்னா லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிரலாம்.